பின் சக்கரத்து நட்டு

இல்ல டாக்டர், சாவி என்கிட்ட இல்ல. மாப்ள கொண்டு வர்றாரு, என் தங்கச்சி வீட்டுக்காரரு. அவரோட வண்டிதானே இது. ஏலத்துல எடுத்த உங்க கையில அவரே நேரா குடுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. ஐயோ, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவரா இருந்தா சிரிச்சிருப்பாரு. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. கிரீஸ் இல்ல, தொடச்சுட்டேன்.

அரை மணி முன்னாடி வரச் சொன்னது நான்தான். அவருகிட்ட இன்னைக்கு ஒரு விஷயம் சொல்லியாகணும். தனியா இருந்தா சொல்ல மாட்டேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.

முதல்ல இந்த மோட்டார் சைக்கிளைப் பாருங்க. நாப்பத்தாறு வயசு, எனக்கு ரெண்டு வயசு இளையது. டேங்குல உங்க முகம் தெரியுதா? எட்டு மாச வேலை. ராத்திரி ரொட்டிக் கம்பெனியில அடுப்படி, காலைல குளிச்சுட்டு நேரா இந்த ஷெட்டு. தூக்கமா? அது விட்டுப்போய் ஒம்பது வருஷமாச்சு. கார்புரேட்டர்ல பழைய பெட்ரோல் பாகு மாதிரி இறுகிக் கிடந்துச்சு, டூத் பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்தேன். பல் டாக்டர் உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, என் பல்லைக்கூட நான் அப்படித் தேய்ச்சதில்ல.

யோசனை மாப்ளையோடது. ஆஸ்பத்திரியில செயற்கைக்கால் செஞ்சு குடுக்குற இடத்துக்கு வருஷா வருஷம் போவாருல்ல, அங்க வசதியில்லாதவங்க ஊன்றுகோலோட காத்துக் கிடக்குறதைப் பாத்திருக்காரு. ஒருநாள் வந்து, மச்சான், இந்த வண்டி என் ஒரு காலை எடுத்துச்சு, இதை ஏலம் விட்டு வர்ற பணம் பத்துப் பேருக்குக் காலைக் குடுக்கட்டும்னாரு. நீதான் கழட்டிப் பூட்டணும், வேற ஆளு கை வைக்கக் கூடாதுன்னு வேற சொல்லிட்டாரு. தார்ப்பாயை எடுத்தா, ஒம்பது வருஷத் துரு.

ஏலம் முடிஞ்சதும் மேடையில ஏத்தி எனக்குக் கைதட்டச் சொன்னாங்களே, நீங்களும் தட்டுனீங்க. நான் செருப்பையே பாத்துட்டு நின்னேன். என்ன அடக்கமான மனுஷன்னு பேசிக்கிட்டாங்களாம்.

விபத்தா? பாலத்து இறக்கம். பிரேக் பிடிச்சிருக்காரு, பின் சக்கரம் அப்படியே இறுகிடுச்சு. சறுக்கிப் போயி லாரிக்கு அடியில. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. வேகமா வந்தாருன்னு போலீஸ் எழுதுச்சு. நான் வேகமாத்தான் வந்தேன்னு அவரும் எல்லார்கிட்டயும் சொன்னாரு, இன்னிவரைக்கும் சொல்றாரு. நான்தான் ஆஸ்பத்திரியிலயே கிடந்தேன், ரத்தம் குடுத்தேன். அண்ணன்னா இப்படி இருக்கணும்னு வார்டுல பேசிக்கிட்டாங்க. கண்ணு முழிச்சதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, உன் தங்கச்சி வாழ்க்கையைக் கெடுத்துட்டேன் மச்சான், மன்னிச்சுருன்னு அழுதாரு.

நானும் மன்னிச்சேன் டாக்டர்.

சரி, இதைச் சொல்லிக் குடுத்துடுறேன், குனிஞ்சு பாருங்க. பின் சக்கரத்துப் பிரேக் தட்டு, அதைச் சுத்த விடாம இழுத்துப் பிடிக்கிற கம்பி, இது அந்தக் கம்பியோட நட்டு. நட்டுக்குக் குறுக்கால சின்னதா கொண்டை ஊசி மாதிரி இருக்குல்ல, அதுக்குப் பேரு ஸ்பிலிட் பின். நட்டு ஆட்டத்துல கழண்டு ஓடாம இருக்க இதைச் சொருகி ரெண்டு காலையும் மடக்கி விடணும். இது இல்லைன்னா உடனே ஒண்ணும் ஆகாது. ரெண்டு நாள், மூணு நாள் நல்லாத்தான் ஓடும். அப்புறம் நட்டு விழும், பிரேக் பிடிச்சதும் தட்டு சுத்தும், கம்பி சக்கரத்துக்குள்ள போயி மாட்டும். அதனால தினமும் கிளம்புறதுக்கு முன்னாடி இதை விரலால தொட்டுப் பாருங்க. சிரிக்காதீங்க, தொட்டுப் பாருங்க.

இந்த ஸ்பிலிட் பின் புதுசு. பழசு எங்கன்னு கேக்குறீங்களா? இங்கதான், என் சட்டைப்பையில.

கழட்டுற சின்னச் சாமானைத் தரையில வச்சா உருண்டுடும்னு பையில போட்டுக்குற பழக்கம் எனக்கு. அந்த வாரம் அவருக்குப் பஞ்சர் ஒட்டிக் குடுத்தேன். ராத்திரி வேலை முடிச்ச கண்ணு. சக்கரத்தை மாட்டினேன், நட்டை முடுக்கினேன், சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுப் படுத்துட்டேன். மூணாம் நாள் பாலம்.

அவரு ஆஸ்பத்திரியில இருந்தப்போ தங்கச்சிதான் எல்லாருக்கும் துவைச்சுப் போட்டா. ஈரக் கையோட வந்து நின்னு, அண்ணே, இது உன் சட்டையில இருந்துச்சு, வண்டிக்கு வேணும்னா பத்திரமா வச்சுக்கன்னு குடுத்தா. பத்திரமா வச்சுக்கிட்டேன்.

தெரியாது. அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

வாசல்ல கேக்குதா? ஒரு அடி அழுத்தமா, ஒரு அடி லேசா. அவருதான். எந்திரிக்காதீங்க டாக்டர், இங்கயே இருங்க. வாயைத் திறக்க வைக்கிறதுதானே உங்க வேலை.