முதுகைக் காட்டி ஜெயித்தவர்கள்

சேவூரிலிருந்து திருப்பூர் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் பனியன் கம்பெனித் தையல்காரப் பெண்கள் இருவர். நேற்று லீவு போட்டிருந்தவருக்கு மற்றவர் கதை சொல்லிக்கொண்டு வந்தார்.

“ஏனுங்க்கா, முதுகைக் காட்டிட்டே போயி ஜெயிக்கற பந்தயம் பாத்திருக்கீங்களா?”

“அது என்ன பந்தயம்?” இவர் பேச்சு தெற்கத்திப் பேச்சு.

“படகுப் பந்தயமுங்க. நேத்துக் காலைல கம்பெனி ட்ரெயினிங்ல வீடியோ போட்டாங்க. எட்டுப் பேரும் பின்னால பாத்து உக்காந்துதான் துடுப்புப் போடறாங்க. ஒருத்தர் மட்டும் வேகமா இழுத்தா படகு கோணலாப் போயிருமாம்.”

“ஏட்டி, உன்னையத்தான் சொல்லியிருக்காவ!”

“ஆமாங்க்கா. நான் வேகமா அடிச்சுத் தள்ளுனா அடுத்த மிசின்ல பீஸ் மலையாட்டம் குவியுதில்லீங்க? நேத்து எல்லாரும் ஒரே வேகத்துல அடிச்சோம். நாலரைக்கே டார்கெட் முடிஞ்சுருச்சு. இருக்கற தையல் லைன்லயே நம்ம லைன்தான் பர்ஸ்ட்டு!”

“நான் இல்லாமலா?”

“உங்க மிசின்ல சூப்பர்வைசரே உக்காந்தாருங்க. அப்பறம் இன்னொண்ணுங்க்கா, முன்னால போற படகுக்காரங்களுக்குத்தான் பின்தங்குனவங்க மூஞ்சி தெரியுமாம்.”

“அதுக்கு?”

“நேத்து எந்திரிச்சு நின்னு, இன்னும் முடிக்காம தெச்சுட்டிருந்த நாலாவது லைன்காரங்க மூஞ்சியை ஒவ்வொண்ணாப் பாத்தனுங்க்கா!”