முகட்டுக்கு அந்தப் பக்கம் ஆண் செடி வளர்த்த ரோவீனா ஹாஸ்கெல்

மேடையில் அமர்ந்திருக்கும் கோல்டர் ஓடைச் சங்கத் தலைவர் கஸ் லாண்டிரி அவர்களே, மருந்தகத்தை மூடிவிட்டு வந்திருக்கும் நர்ஸம்மா அவர்களே, அடுப்படியில் நின்றபடியே காது கொடுத்துக்கொண்டிருக்கும் தோழியரே, நனைந்த பூட்ஸோடு உள்ளே வரத் தயங்கிக் கடைசியில் நிற்கும் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் ஹெஸ்டர் பிளெய்னின் வணக்கம். இந்த மன்றத்தில் நான் பலமுறை கத்தியிருக்கிறேன். இன்றுதான் ஒலிபெருக்கி கொடுத்திருக்கிறார்கள்.

ரோவீனா ஹாஸ்கெல் அம்மையார் மறைந்தது செப்டம்பர் தொடக்கத்தில். இப்போது நவம்பர். ஏன் இவ்வளவு தாமதம் என்று அவருடைய அண்ணன் மகன் வாசலில் என்னிடம் கேட்டார். இந்தத் தம்பியின் முகவரியைத் தேடிப் பிடிக்கவே எனக்கு வெகுநாள் ஆயிற்று. நேற்றுதான் வந்து சேர்ந்தார். மேடையில் சொல்கிறேன் என்றேன். சொல்கிறேன், தம்பி. அறுவடை முடியவில்லை. அதுதான் காரணம். பள்ளத்தாக்கின் கடைசிப் பூவையும் வெட்டி உலரக் கட்டிய பிறகுதான், உங்கள் அத்தையின் பெயரைச் சொல்லிக் கூடுவதற்கு எங்களுக்குத் தைரியம் வந்தது. அவரைப் புதைத்த அன்று முகட்டில் நின்றவர்கள் நானும், சவப்பெட்டியை ஏற்றி வந்த இரண்டு பேரும் மட்டுமே. அந்த இரண்டு பேரும் வெளியூர்.

உங்களுக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிகிறது. இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளட்டும். கஞ்சாவில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. நாங்கள் பிழைப்பது விதை பிடிக்காத பெண் பூவை வைத்து. ஆண் பூவின் தூள் ஒரு பெண் பூவின் மேல் பட்டுவிட்டால், அது பிசின் சுரப்பதை மறந்துவிட்டு விதை கட்டப் போய்விடும். அந்தப் பூவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் கணுவில் சின்ன உருண்டை தெரிந்த உடனே ஆண் செடியைப் பிடுங்கிப் போடுகிறோம். நானும் போடுகிறேன், நீங்களும் போடுகிறீர்கள். எல்லோரும் பிடுங்கிவிட்டால் அடுத்த வருஷத்துக்கு விதை எங்கிருந்து வரும்? வானத்திலிருந்தா? யாராவது ஒருவர் அந்த ஆண்களை வளர்த்தாக வேண்டாமா?

அந்த ஒருவர்தான் ரோவீனா!

காற்று எங்கள் பக்கமிருந்து முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகும், திரும்பி வராது. அதைப் பார்த்துத்தான் அவர் அங்கே வீடு கட்டினார். அதற்கு முன் பல்கலைக்கழகத்தில் தக்காளி ஆராய்ச்சி. ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று முதல் வருஷமே கேட்டேன். "தக்காளிக்கு ஒரே பூவுக்குள்ள புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இருக்காங்க, ஹெஸ்டர். கதவ சாத்திக்கிட்டுக் குடும்பம் நடத்துறாங்க. எனக்கு என்ன வேலை அங்க? இங்க தனித்தனி வீடு, தனித்தனி கோவம். பாக்கறதுக்கு ஏதாவது இருக்கு" என்றார்.

கல்யாணம் செய்துகொள்ளாத பெண் ஆண் செடிகளோடு தனியாக இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? "எப்படி இருக்காங்க உன் ஆம்பளைங்க?" என்று கடையில் எல்லோரும் கேட்பார்கள். அவர் முகத்தைச் சுளிக்கவே மாட்டார். "ஒருத்தனும் தேறல. ஆளு பாக்க ராஜா மாதிரி இருக்கான். அவனுக்குப் பொறந்த பொண்ணுங்க எல்லாம் பனி பட்டாலே அழுகிப் போகுது" என்பார்.

வேடிக்கையாகச் சொன்னாலும் அவருடைய வேலை முழுதும் அதுதான். ஆண் செடியில் நமக்கு வேண்டிய பூ இல்லை. மணம் எப்படி, மழை தாங்குமா, பூஞ்சை பிடிக்குமா, எதையும் அவனிடம் பார்க்க முடியாது. அவன் கொடுத்தது என்ன என்பது மகள்களிடம்தான் தெரியும். ஒரு பெண் செடியின் ஒரு கிளைக்கு மட்டும் தூரிகையால் தூள் தடவி, காகிதப் பை கட்டி, விதையெடுத்து, அடுத்த வருஷம் மகள்களை வளர்த்து, அவர்கள் பூக்கும்வரை அப்பனிடமிருந்து வெட்டி நட்ட ஒரு குச்சியைக் கொட்டகையில் விளக்கு வைத்து உயிரோடு காப்பாற்றி வைத்திருப்பார். பெரும்பாலும் அந்த அப்பன் உதவாதவனாகவே இருப்பான். மறுபடி முதலிலிருந்து! அப்படித்தான் 'மழைக்குமுன்' வந்தது. கடலிலிருந்து மழை ஏறுவதற்கு முன்னால் முதிர்கிற, மூடுபனியில் அழுகாத அந்த வகை இல்லாவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கில் இன்று எத்தனை வீட்டில் அடுப்பு எரியும்? வசந்தம் பிறந்ததும் தேயிலை டப்பாவில் விதையைக் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுத்தாரே, யாராவது கேட்டு வாங்கினோமா? அவராகக் கொண்டுவந்தார்.

அப்படிப்பட்டவரை நாம் என்ன செய்தோம்?

புகை மூடிய அந்த வருஷத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருஷம் நம்மில் பாதிப் பேர் ரோவீனாவின் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு, நகரத்திலிருந்து பாக்கெட் விதை வாங்கி நட்டார்கள். எல்லாமே பெண், ஆண் தொல்லையே இல்லை என்று பாக்கெட்டில் அச்சடித்திருந்தது. கோடையில் வெயில் கொளுத்தியது, பிறகு காட்டுத்தீப் புகை, பிறகு மின்சாரம் போய்த் தண்ணீரும் நின்றது. செப்டம்பரில் பூவைப் பிரித்தால் எல்லாத் தோட்டத்திலும் விதை. பாக்கெட் நட்டவர், நடாதவர் எல்லோருக்கும் நஷ்டம். இதே மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். இதோ இந்தத் தூணுக்குப் பக்கத்தில் ரோவீனாவை நிற்க வைத்தார்கள்.

கஸ், நீங்கள் தலையைக் குனிய வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

"உன் ஆம்பளைங்க வேலைதான் இது!" என்றார் கஸ்.

"காத்து இந்தப் பக்கம் வீசாது, கஸ்."

"காத்துல வராட்டி உன் சட்டையில வந்திருக்கும். ஆகஸ்ட்ல இங்க நடக்குற சனிக்கிழமை ஊர்ச் சாப்பாட்டுக்கு நீ வரல? என் பொண்டாட்டி பக்கத்துல உக்காரல?"

"தண்ணி பட்டா அந்தத் தூள் செத்துப்போகும். நான் தலைக்குக் குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் மலைய விட்டே இறங்குவேன்."

யாரோ சிரித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும். இன்று சொல்லப் போவதில்லை. ஜூலை முதல் அறுவடை முடியும்வரை ரோவீனா கீழே வரக்கூடாது, யாரும் மேலே போகக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். கை தூக்காதவர்களை எண்ண அதிக நேரம் ஆகவில்லை. ரோவீனா வாதாடவில்லை. கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, "ஆளுக்கு ஒரு பிடி விதை குடுங்க" என்று மட்டும் கேட்டார். நம் பூவைக் கெடுத்த அதே விதைகளை!

அடுத்த வசந்தத்தில் அதையெல்லாம் முளைக்க வைத்தார். ஜூன் மாதம் இந்த மன்றத்து வாசலில் தொட்டி தொட்டியாக அடுக்கிவிட்டு எல்லோரையும் வரச் சொன்னார்.

"நான் வளக்குற ஆண் செடிதான் இதுக்கெல்லாம் அப்பன்னா, பொறந்ததுல பாதி ஆணா இருக்கணும். அம்மா குடுக்கறது எப்பவும் ஒரே மாதிரி. அப்பன் குடுக்கறதுதான் ஒரு பிள்ளையப் பொண்ணாவும் இன்னொரு பிள்ளைய ஆணாவும் ஆக்கும். தேடுங்க. ஆண் எதுன்னு எனக்குக் காட்டுங்க."

கஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கணுவாகத் தேடினார். எல்லாத் தொட்டியிலும் அந்த வெள்ளை முடி இரண்டு இரண்டாக நீட்டிக்கொண்டிருந்தது. பெண், பெண், பெண். "ஒருத்தன் கூட இல்லையே" என்றார்.

"இல்ல, கஸ். இதுங்களுக்கு அப்பனா இருந்ததே ஒரு பெண் செடிதான். ரொம்பக் கஷ்டம் வந்தா சில பெண் செடி தானே நாலு ஆண் பூ விட்டுத் தூள் தட்டிக்கும். தனியா சாகக்கூடாதுன்னு ஒரு வழி. அந்தப் பாக்கெட்டோட வம்சத்துல அந்தக் குணம் இருக்கு. என் பசங்க ஒண்ணும் பண்ணல."

மன்னிப்புக் கேட்டோம். ஆப்பிள் கேக் கூடச் செய்து கொடுத்தோம். ரோவீனா அதை வாங்கிக்கொண்டு, எல்லோர் முகத்தையும் பார்த்துக் கேட்டார்: "அப்போ இந்த ஆகஸ்ட்ல சாப்பாட்டுக்கு வரலாமா?"

எல்லோரும் குனிந்து தொட்டிகளைப் பார்த்தோம். கடைசியில் கஸ்தான், "அது வந்து, ரோவீனா... இருந்தாலும்..." என்றார்.

இருந்தாலும்! குற்றம் இல்லை என்று தெரிந்தது, இருந்தாலும்! அவர் கொடுத்த விதைதான் நமக்குச் சோறு, இருந்தாலும்! அந்த 'இருந்தாலும்' பல வருஷம் நீடித்தது. ஜூலை வந்தால் முகட்டுக்கு ஏறும் பாதையின் பாலத்தில் சங்கிலி கட்டினோம். குற்றவாளிக்குக்கூடச் சிறையில் பேச்சுத் துணைக்கு ஆள் உண்டு!

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இந்த மன்றத்துத் தொலைபேசி அடிக்கும். நான்தான் எடுப்பேன். "இன்னைக்கு என்ன?" என்பார். பீன்ஸ், சோளரொட்டி என்பேன். "யார் யார் வந்திருக்காங்க? யார் பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்க?" என்று கேட்பார். மேசை மேசையாகச் சொல்லுவேன். முழுதும் கேட்டுவிட்டுத்தான் வைப்பார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி, நீ ஏன் சும்மா இருக்கே? குளிச்சுட்டு எறங்கி வா. எவன் தடுக்கறான்னு நான் பாக்கறேன்."

"வரலாம். வந்து? பயந்துகிட்டே ஒருத்தர் என் பக்கத்துல உக்காரணுமா, ஹெஸ்டர்? நாற்காலிய கொஞ்சம் கொஞ்சமா தள்ளிக்கிட்டு? அதுக்கு நான் இங்கயே சாப்பிட்டுக்கறேன்." பிறகு, "ஆனா பொய் சொல்லல. சனிக்கிழமை ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றார்.

இந்தச் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை தொலைபேசி அடிக்கவில்லை. மறுநாள் காலை சங்கிலியைத் தாண்டிப் போனேன். ஆண் செடிகளுக்கு நடுவில் கிடந்தார். மேல்சட்டைப் பையில் காகிதப் பைகள். அவர் விழும்போது செடி குலுங்கியிருக்க வேண்டும், முகமெல்லாம் மஞ்சள் தூள். இதயம் நின்றுவிட்டது என்றார் வெளியூரிலிருந்து வந்த டாக்டர். உடனே போயிருக்கும், வலித்திருக்காது என்றார். யாரும் கூட இல்லாமல் போனவருக்கு வலித்ததா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன். தூள் சுலபமாகத்தான் போயிற்று.

நான் அங்கே போனது தெரிந்ததும் உங்களிடமிருந்து எனக்கு வந்த செய்தி என்ன? "ஹெஸ்டர், நீ அங்கயே இருந்துடு. கீழ வராதே. சாப்பாடு பாலத்துல வெக்கிறோம்." இரங்கல் செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது.

இருந்தேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன், விதை எடுத்தேன். முகட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதக் குரல் கேட்காது, தம்பி. மூன்றாம் வாரத்தில் என் குரலே எனக்குக் கரகரவென்று வேற்றாள் மாதிரி இருந்தது. தட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தேன். எதிரில் ஆள் இல்லாவிட்டால் உட்காரத் தோன்றுவதில்லை. இதை நான் சில வாரம் பார்த்தேன். ரோவீனா இதில் கிழவியானார்.

இப்போது ஒன்று சொல்கிறேன். கூச்சல் போடுகிறவர்கள் நான் பேசி முடித்ததும் போடலாம். அந்த வாரங்களில் நான் தினமும் கீழே வந்தேன்! காலையில் ஆண் செடிகளைக் குலுக்கித் தூள் எடுப்பேன். பிறகு தலைக்குக் குளிப்பேன், துணி மாற்றுவேன், பின்பக்கத்துப் பாதையில் இறங்கி என் தோட்டத்துக்கு வருவேன். பூத்து நிற்கும் என் பெண் செடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டேன், கிளையை ஒதுக்கினேன், முகத்தை வைத்து முகர்ந்தேன். வேண்டுமென்றே செய்தேன். என் பிழைப்பு முழுவதையும் அதில் வைத்தேன். விதை பிடித்திருந்தால் இந்தக் குளிர்காலம் எனக்குச் சோறு இல்லை.

போன வாரம் என் பூவைச் சாக்கோடு கொண்டுபோய்க் கஸ்ஸின் மேசையில் கொட்டினேன். "உருட்டிப் பாருங்க" என்றேன். நடந்ததையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் விதை தட்டுப்படுகிறதா என்று ஒவ்வொரு பூவாகக் கையில் வைத்துப் பிதுக்கினார். மதியம் ஆரம்பித்தவர் விளக்குப் போடும்வரை நிறுத்தவில்லை.

"ஒரு விதைகூட இல்ல, ஹெஸ்டர்" என்றார். அப்புறம், "அப்ப அவ குளிச்சுட்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், பூவையெல்லாம் திரும்பச் சாக்கில் அள்ளிப் போட்டார்.

ஆமாம், கஸ். ஒரு வாளித் தண்ணீர்தான். ஆண் செடி முகட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். அதில் ரோவீனாவுக்கே சந்தேகம் இல்லை. ஆனால் ரோவீனா இந்த மேசையில் இருந்திருக்கலாம். எல்லா ஆகஸ்டும், எல்லாச் சனிக்கிழமையும். அவர் அதை நம்மிடம் சொன்னார். நாம் சிரித்தோம்.

இனி என்ன செய்வது என்று சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். ஆண் செடிகளை எரித்துவிட்டு எல்லோரும் பாக்கெட்டுக்கே போய்விடலாமாம். வேண்டாம். இந்த வருஷத்து மகள்களில் இதுவரை நான் பார்க்காத நல்ல பூ இருக்கிறது. அதன் அப்பன் கொட்டகையில் உயிரோடு இருக்கிறான். ரோவீனா ஹாஸ்கெல் பார்க்காமல் போன மகள் அது. அதைப் பாதியில் விட நான் சம்மதிக்க மாட்டேன். என் வீட்டைத் தங்கை மகளிடம் கொடுத்துவிட்டு, வசந்தத்தில் நான் முகட்டுக்கு அந்தப் பக்கம் குடி போகிறேன். அவருடைய வேலையை என் கை ஓயும்வரை செய்வேன். இது அவருடைய கல்லறை மேல் சத்தியம்.

ஆனால் அவருடைய மௌனம் எனக்கு வராது. அவர் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். தனியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகஸ்டில், சனிக்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்கு நான் இறங்கி வருவேன். தலை ஈரமாகத்தான் இருக்கும். என் பக்கத்தில் யாராவது வந்து உட்காருங்கள்.