முக்கால் டேங்க்

— முக்கால் டேங்க் அப்படியே இருக்கே மாமா. முந்தாநாள்தானே வந்து நிரப்பிட்டுப் போனீங்க?

— மாமான்னு கூப்பிடாதேன்னு சொல்லியிருக்கேன். இந்த பங்க்குக்குள்ள நான் கஸ்டமர், நீ ஹைட்ரஜன் போடுற ஆளு. அவ்வளவுதான்.

— சரிங்க சார். கொஞ்சம் பொறுக்கணும். இப்பத்தான் ஒரு பஸ்ஸுக்குப் போட்டேன், அழுத்தம் இறங்கிடுச்சு. கம்ப்ரஸர் ஏத்த பத்து நிமிஷம் ஆகும்.

— ஆகட்டும்.

— மத்தவங்க லேட்டானா திட்டுவாங்க. நீங்க போன தடவை ரெண்டே நிமிஷத்துல முடிச்சதுக்குத் திட்டினீங்க...

— அவசரப்பட்டா எதுவும் உருப்படாது. கல்யாணம் உட்பட.

— அழுத்தம் ஏறிக்கிட்டிருக்கு சார்.

— ஆமா, தண்ணியிலேர்ந்துதானே இதை எடுக்கிறீங்க?

— ஆமா சார். குழாய்த் தண்ணியைச் சுத்தம் பண்ணி, கூரையில இருக்கிற சோலார் கரண்ட்டை விட்டுப் பிரிக்கிறோம். ஹைட்ரஜன் தனி, ஆக்சிஜன் தனி.

— ஒண்ணா இருக்கிறதைப் பிரிக்கிறதுல நீ கெட்டிக்காரன்தான்.

— உங்க வண்டிக்குள்ள போய் மறுபடி சேர்ந்து தண்ணியாத்தானே சொட்டுது.

— வேலையைப் பாரு.

— ஊர்லயே ஹைட்ரஜன் கிடைக்கிறது இங்க மட்டும்தான். தெரிஞ்சே எதுக்கு சார் இந்த வண்டியை வாங்கினீங்க?

— காத்து மாசு படக்கூடாதுன்னு.

— டேங்க் காலியாகணும்னு வெளிவட்டச் சாலையை மூணு தடவை சும்மா சுத்தினீங்களாமே?

— யார் சொன்னா?

— அத்தைதான். தினம் போன் பண்றாங்க... அவங்க பொண்ணுக்கு.

— தினமுமா? ரெண்டு வருஷமா அதைப் பத்தி என்கிட்ட மூச்சு விடலையே.

— நீங்க இங்க வர்றதை அத்தைகிட்ட சொன்னீங்களா?

— ...போட்டாச்சா இல்லையா?

— ஆச்சு. ஆனா குழாய் நுனி குளிர்ல உறைஞ்சு வண்டியோட ஒட்டிக்கிச்சு. தானா இளகட்டும். அஞ்சு நிமிஷம்.

— ம்... நல்லா இருக்காங்களா? உங்க வீட்ல?

— ஏழாம் மாசம். கால் வீங்குது.

— உப்பைக் குறைக்கச் சொல்லு.

— நீங்களே சொல்லலாம். உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன் மாமா. அவளுக்கும் வேலை இங்கதான், கண்ட்ரோல் ரூம்ல. என் முகத்துல முழிக்காதேன்னு நீங்க சொன்னதால வெளியே வரமாட்டேங்கிறா. ஆனா நீங்க வர்றப்ப எல்லாம் கேமராவில பார்த்துக்கிட்டேதான் இருக்கா.

— தெரியும். இல்லேன்னா ஏசி காரை விட்டு இறங்கி, இந்த வெயில்ல அந்தக் கேமராவுக்கு நேரா வந்து நிப்பேனா?