தலைகீழ் ஒன்பது

போனையெல்லாம் கீழே வையுங்கள். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... நான் சத்தமாகச் சொல்லப் போவதில்லை.

நேரம் பன்னிரண்டே முக்கால். கால்வாய்ச் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள். மூன்று விளக்குக்கு ஒன்றுதான் எரிந்தது. அந்தச் சாலையில் ஒரே ஒரு பைக். ஓட்டிக்கொண்டு போனவர் என் நண்பனின் ஒன்றுவிட்ட அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். வாயில் ஒரே பேச்சு.

"கதவத் திறந்துடாதடா... திறந்துடாத..."

ஏன் அந்தப் பதற்றம்? எல்லாம் ஒரு விளையாட்டால் வந்த வினை. பேய் பிடித்த கட்டடத்தில் மாடி மாடியாக இறங்கும் வீடியோ கேம் ஒன்று. அதன் மூன்றாம் பாகம் வரப்போகிறது. கம்பெனிக்காரன் ஒரு இணையதளம் திறந்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. கருப்புப் பக்கம். நடுவில் பழைய லிஃப்டின் பொத்தான் பலகைப் படம். அவ்வளவுதான். ரசிகர்களுக்கு அது போதாதா? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

இப்படித் துப்புத் தேடும் இவர்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்றே பேர். மெக்கானிக், அவர் வீட்டிலேயே தங்கியிருக்கும் மச்சினன், பிறகு நர்ஸ் அக்கா என்று இவர்கள் கூப்பிடும் ஒரு பெண். அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. துப்புக் கிடைத்தவர் 'கண்டேன்' என்று எழுதவேண்டும். மற்ற இருவரும் சரிபார்த்துவிட்டு 'நானும் கண்டேன்' என்று எழுதவேண்டும். மூன்றும் விழுந்துவிட்டால் அந்தத் துப்பு முடிந்தது. அப்புறம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது.

அன்று சாயங்காலம் மச்சினன் எழுதினான். "கண்டேன். அந்த 9 சரியில்ல. 6-ஐக் கவுத்துப் போட்டிருக்காங்க."

"நானும் கண்டேன்," என்றாள் நர்ஸ் அக்கா. "அப்போ ரிலீஸ் ஆறாம் தேதியா?"

மெக்கானிக் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருமுறை ஒன்பதாம் மாடிப் பொத்தான் உடைந்தபோது கையில் வேறு இல்லாமல் ஆறைத் தலைகீழாக மாட்டியது சாட்சாத் அவரேதான். பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல்கூட இருந்தது. கம்பெனிக்காரன் எங்கேயோ பழைய போட்டோவை எடுத்துப் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

"நானும் கண்டேன். அது நான் மாட்டின பொத்தான். கால்வாய்ச் சாலைக் கடைசிக் கட்டடம். மிச்சத்த காலையில சொல்றேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த மிச்சத்தைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கட்டடத்தை மூடி இரண்டு வருஷம். லிஃப்டை அவரே கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. இப்போது கதவுகளுக்குப் பின்னால் லிஃப்ட் இல்லை... ஒன்பது மாடிப் பள்ளம். கதவைக் கையால் இழுத்தாலே திறந்துகொள்ளும்.

பன்னிரண்டு மணிக்கு மனைவி எழுப்பினாள். "என்னங்க, தம்பி இன்னும் வரல. போனும் எடுக்க மாட்டேங்கிறான்."

அந்தப் பொத்தானைத் தேடித்தான் போயிருப்பான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டையைப் பாதிவழியில்தான் போட்டார்.

கட்டட வாசலில் மச்சினனின் பைக் நின்றது. இன்ஜின் ஆறும் சத்தம்... டிக்... டிக்... உள்ளே மின்சாரம் கிடையாது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு படியேறினார். மூன்றாம் மாடியில் ஒரு வாசனை வந்தது. கிரீஸ். புதுசாகப் போட்ட கிரீஸ்.

ஐந்தாம் மாடி. சுவருக்குப் பின்னால் இரும்புக் கயிறு வழுக்கும் சத்தம். இருபது வருஷமாகக் கேட்ட சத்தம், அவருக்குத் தப்பாது. அவரோடு சேர்ந்து அதுவும் மேலே ஏறியது.

எட்டு. மூச்சு வாங்கியது.

டிங்.

ஒன்பதுக்கு ஓடினார். லிஃப்ட் கதவு திறந்திருந்தது. மச்சினன் விளிம்பில் நின்றான், செருப்பின் முன்பாதி வெளியே. எதிரில் கும்மிருட்டு. பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள்.

"வந்துட்டீங்களா மாமா," என்றான் அவன்.

"போன் எங்கடா?"

"உள்ள விழுந்துடுச்சு."

டார்ச்சைப் பள்ளத்தில் அடித்துப் பார்த்தார். அடியில் தேங்கிய தண்ணீர் மின்னியது. வேறொன்றும் இல்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். சில்லென்ற கை. பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் மனைவி தன் தம்பி முதுகில் இரண்டு வைத்தாள். பிறகு அழுதாள், பிறகு பால் காய்ச்சினாள். மெக்கானிக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தன் வாயால் ஒரு பிள்ளையைக் கொன்றிருப்போமே... நல்லவேளை, நல்லவேளை என்று நூறு முறை சொல்லிக்கொண்டார். முகம் கழுவிவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. குழுவில் ஒரு படம். மச்சினன் எண்ணிலிருந்து.

'கண்டேன்.'

லிஃப்டுக்கு உள்ளேயிருந்து எடுத்த படம். ஓரத்தில் பொத்தான் பலகை. தலைகீழ் ஒன்பது. அதே கீறல். மூடிக்கொண்டிருக்கும் கதவின் இடுக்கில் ஒன்பதாம் மாடி தெரிந்தது. அங்கே இவருடைய முதுகு. இவர் யாரையோ கையைப் பிடித்துப் படிக்கு அழைத்துப் போகிறார். அது போகிறபோக்கில் தலையைத் திருப்பி, படம் எடுப்பவனைப் பார்க்கிறது.

கீழே நர்ஸ் அக்கா, இரவு வேலையிலிருந்து. "நானும் கண்டேன். சூப்பர்டா! எப்படி எடுத்தே?"

அதற்கும் கீழே இன்னொன்று வந்து விழுந்தது.

"மாமா, கதவு திறக்கல."

மெக்கானிக் மெல்லத் தலையைத் தூக்கினார். எதிரே மச்சினன். முன்னால் பால் டம்ளர், ஆடை கட்டியிருந்தது. வாய் வைக்கவே இல்லை. கையில் போன் இல்லை. கூடம் முழுக்கக் கிரீஸ் வாசனை. சமையலறையில் மனைவி ஏதோ முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவன் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணாவது ஆள் நீங்கதான் மாமா," என்றான் மெதுவாக. "எழுதிடுங்க... முடிஞ்சிடும்."