பச்சைத் தழைப் புகை

"ஏலே, படுங்கலே! அடுத்தது வருது!"

முத்தையா அண்ணாச்சி கத்துகிறார். மூன்றாவது குண்டு. நீண்ட விசில். நிற்கிறது. மலை இடிகிறது. என் வாயெல்லாம் மண். சாமுவேல் எங்கே?

1917, மார்கழி. பாரசீக எல்லை மலை. வெள்ளைக்காரப் பட்டாளத்தில் காயம்பட்டவர்களைச் சுமக்கும் டோலிக் கூட்டம் நாங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஏழு பேர். வள்ளியூர்க்காரரான முத்தையா அண்ணாச்சிதான் தலைவர். சாமுவேல் என் மனைவியின் தம்பி. ஆற்றங்கரை வரை வந்து அவள் சொன்னாள்: "கூட்டிட்டுப் போறது நீங்க. கூட்டிட்டு வாறதும் நீங்கதான்." தலையாட்டினேன்.

அவனுக்குக் காய்ச்சல் கண்டது. அதை அவளுக்குக் கடிதத்தில் எழுதினேன். காய்ச்சல் இறங்கவேயில்லை. மருந்துப்பெட்டி காலி.

அந்த மலையில் பாறைக்குப் பாறை ஒரு புதர். சவுக்கு போன்ற இலை, கருநீலக் காய். துரைமார் ஜூனிபர் என்பார்கள். எங்களுக்கு மலைச்சவுக்கு. எங்கள் கழுதைக்காரர் அந்த மலைக்காரர். சைகையிலேயே சொல்லித் தந்தார். வயிற்று நோவுக்குக் காயை மெல்லலாம். சளிக்குத் தழையை வேகவைத்து ஆவி பிடிக்கலாம். அடுப்புக்குக் காய்ந்த குச்சி மட்டும். பச்சை கூடாது, புகையும். துருக்கியர் பீரங்கி இருந்த எதிர்மலையைக் காட்டிக் கழுத்தை அறுப்பதுபோல் கையை இழுத்தார். எனக்குப் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது.

அன்று காலை சாமுவேலுக்கு ஆவி பிடிக்க வேது வைத்தேன். தழை கொதித்தது. கம்பளிக்குள் தலையை விட்டான். வியர்த்துக் கொட்டியது.

"காய்ச்சல் விட்டுட்டு அத்தான்! மேலு லேசா இருக்கு!"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் ஊரில் வேது பிடித்தவனை அப்படியே விடுவோமா? நொச்சித் தழையை நெருப்பில் போட்டு உடம்பெல்லாம் புகை காட்டுவோம். காய்ச்சல் திரும்பாது என்பார்கள். நொச்சிக்கு எங்கே போவது? கையில் கிடைத்த பச்சைத் தழையை அள்ளி அடுப்பில் போட்டேன். பாழாய்ப்போன கை!

வெள்ளைப் புகை நேராக மேலே ஏறியது.

"பொகைய அமத்துலே! மண்ணப் போடு!" என்று அண்ணாச்சி கத்தினார்.

மண்ணை அள்ளினேன். எதிர்மலையில் 'டப்' என்று ஒரு சத்தம். முதல் குண்டு எங்களுக்குக் கீழே. இரண்டாவது மேலே.

சாமுவேல் கம்பளிக்குள்தான் இருந்தான். அப்படியே புதைத்தோம்.

போனவர்கள்: சாமுவேல். முத்தையா அண்ணாச்சி. கழுதைக்காரர், அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. இரண்டு கோவேறு கழுதைகள். ஒரு டோலி.

ஊர் திரும்பியதும் என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: "கடைசியில காய்ச்சல் விட்டுதா?"

"விட்டுட்டு" என்றேன். புகை போட்டவன் யார் என்று இன்றுவரை சொல்லவில்லை. மிஷன் பள்ளியில் படித்தவள் அவள். இதை வாசிப்பாள். வாசிக்கட்டும்.