தீர்த்தக் கரண்டி

வெள்ளியைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. பல்பொடியும் வேண்டாம், மெல்லிய துணி போதும். இந்த அலமாரியில் உள்ளதையெல்லாம் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். சேத்தூர்ப் பக்கத்துப் பழைய பங்களாக்களில் இருந்து வந்த இங்கிலீஷ் கரண்டிகள். கைப்பிடி நுனியில் சிப்பி இருந்தால் ஒரு தினுசு, ஓரத்தில் நூல் கோடு ஓடினால் வேறு தினுசு. பின்னால் இருக்கும் முத்திரையைப் பார்த்து எந்த ஊர்ச் சாமான் என்று சொல்லிவிடுவேன். ராஜபாளையத்தில் அதற்கு வேறு ஆள் கிடையாது.

நீங்கள் கேட்டது நடுவில் இருப்பதை. ஒல்லியாக, நெடுக வாய்க்கால் மாதிரி குழிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வஞ்சுளவல்லி மாமி வீட்டுச் சாமான். அவர் மகன் கண்ணபிரான் என்னோடு மில் ஸ்டோரில் வேலை பார்த்தவன். அவன் சாகக் கிடந்தபோது மாமி இதில்தான் துளசித் தீர்த்தம் விட்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை. எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள், நான் கரண்டியைப் பார்த்தேன். பழகின கண், என்ன செய்வது. கழுவி வைத்த பிறகு எடுத்துப் புரட்டியும் பார்த்தேன்.

காரியமெல்லாம் முடிந்ததும் மாமியிடம் கேட்டேன்.

"எங்காத்துல எல்லாருக்கும் கடைசித் தீர்த்தம் இதுலதான். எனக்கும் விடட்டும். அப்புறம் நீங்களே எடுத்துக்கோங்கோ," என்றார்.

நல்ல மனுஷி. ஆனால் அவருக்குக் கல் மாதிரி உடம்பு, எனக்கோ சர்க்கரை. யார் முந்துவது என்று யாருக்குத் தெரியும்?

அதனால் ஒருநாள் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். இது வெள்ளைக்காரன் நல்லி எலும்பைக் குடைந்து, உள்ளே இருப்பதை வழித்துத் தின்கிற கரண்டி. மாட்டு எலும்பு. படம் போட்ட புத்தகத்தையும் காட்டினேன். மாமி படத்தையும் கரண்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அப்போ கண்ணனுக்கு?"

"அவனுக்கும் இதிலதானே விட்டீங்க மாமி," என்றேன்.

கரண்டியைத் தரையோடு என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு அவர் கோயிலுக்குப் போகவில்லை. பிள்ளை வாயில் அதை விட்ட கையை இனித் தீர்த்தத்துக்கு நீட்டமாட்டேன் என்றாராம். சாப்பாடு குறைந்தது, பிறகு நின்றது. மார்கழியில் மகள் வைஜயந்தி டம்ளரில் தீர்த்தத்தை வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு சொட்டும்மா, வாயைத் தெறம்மா," என்று கெஞ்சினாள். மாமி பல்லைக் கடித்தபடியே போய்ச் சேர்ந்தார். நான் நல்ல மாலையாகத்தான் வாங்கிப் போயிருந்தேன்.

இந்தாருங்கள், லென்ஸ். காம்புக்கு அடியில் தேய்ந்துபோன சங்கும் சக்கரமும் தெரிகிறதா? இங்கிலாந்து முத்திரை கிடையாது. வெள்ளைக்காரன் கரண்டியின் வடிவத்தைப் பார்த்து, தீர்த்தத்துக்கென்றே உள்ளூர் ஆசாரி அடித்தது. எந்த எலும்பிலும் படாதது. எலும்புக் கரண்டி வேறு அலமாரியிலும் இருக்கும். இது என்னிடம் மட்டும்தான். கண்ணபிரான் செத்த அன்றே எனக்கு இது தெரியும்.

மாமிக்குக் கண் மங்கல். படம் காட்டிய அன்றைக்கும் லென்ஸ் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.