மாப்பிள்ளையின் நாடி

மதியம் மூன்று மணி. பட்டறைக்குப் போகும் சாலையில் ஈ, காக்கை கூட இல்லை. விடுமுறை... பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? சிரிக்காமல் கிட்டே வந்து உட்காருங்கள். வாயில் எதையாவது மென்றுகொண்டிருந்தால் விழுங்கிவிடுங்கள். பிறகு என்னைத் திட்டக் கூடாது.

நடந்தது என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு. விரலில் மாட்டும் கிளிப் செய்கிற இடத்தில் அவருக்கு வேலை. கண்ணுக்குத் தெரியாத ஒளியைச் சதைக்குள் விட்டு நாடித்துடிப்பை எண்ணிக் காட்டும் கிளிப். அதைச் சோதிக்க ஜெலட்டினும் பாலும் ஒரு சொட்டுக் கறுப்பு மையும் கலந்து ஒரு பொய் விரல் வார்ப்பார்கள். புதிதாக எது வந்தாலும் முதலில் அதற்குத்தான் போட்டுப் பார்ப்பார்கள். வெயில் படாமல் ஃபிரிட்ஜில் வைத்துத் தாங்குவார்கள். அதனால் அதற்குப் பெயர் 'மாப்பிள்ளை'. உயிரில்லாத விரல், கிளிப்பில் வெறும் கோடுதான் வர வேண்டும்.

விடுமுறைக்குக் கிளம்பிய அவசரத்தில் மனிதர் மாப்பிள்ளையைக் கிளிப்போடு மேசையிலேயே விட்டுவிட்டார். நாலு நாள் கழித்து அது நினைவுக்கு வந்ததும், படுக்கையில் இருந்த தன் அப்பாவை மனைவியிடம் விட்டுவிட்டு ஓடினார். அப்பாவுக்கு இதயக் கோளாறு. அவர் விரலிலும் இதே கிளிப்தான். எண் சரியாக இருக்கிற வரைக்கும் டாக்டரைக் கூப்பிட வேண்டாம் என்று இவர்தான் வீட்டில் சொல்லிவைத்திருந்தார்.

கதவைத் திறந்தார்... சீ. திரிந்த பால் நாற்றம். அதற்கு அடியில் செத்த எலி நாற்றம். மாப்பிள்ளை பச்சை பூத்து, சளி மாதிரி நூல்நூலாக வடிந்து, மேசையோடு ஒட்டிக் கிடந்தது. சொல்லும்போதே எனக்குக் குமட்டுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்டே போனார்.

டிக்... டிக்... டிக்...

அதில் மாட்டியிருந்த கிளிப் எழுபத்திரண்டு காட்டியது. கிளிப் கெட்டிருக்கும் என்று வேறொன்றை மாட்டினார். அழுத்தியதும் சீழாக ஏதோ பிதுங்கி அவர் நகக்கண்ணில் ஏறியது. அதிலும் எழுபத்திரண்டு.

இந்த அழுகலுக்கே நாடி காட்டுகிற சாமானை நம்பியா அப்பாவை... உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"அப்பாவுக்கு எவ்வளவு காட்டுது?"

"எழுபத்திரண்டு. காலையிலேருந்து அசையாம தூங்குறாரு. நம்பர் நல்லாத்தானே இருக்குன்னு எழுப்பல."

"நம்பரை விடு. கையைத் தொட்டுப் பாரு."

அக்கா கட்டில் பக்கம் போகும் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு அக்கா ஓங்கரிக்கிற சத்தம்.

"ஏங்க... விரல் உள்ள அமுங்குது. தோல் என் கையோட வந்துடுச்சு. கிளிப்பும் கழண்டு விழுந்துடுச்சு."

அப்பா போய்விட்டார் என்பது இவருக்குப் புரிந்தது. ஆனால் போனுக்குள் அந்த டிக்... டிக்... நிற்கவே இல்லை.

"கிளிப் தரையில தனியாத்தான் கிடக்கு," என்றாள் அக்கா. "நான் கிட்ட போனா வேகமா அடிக்குதுங்க."